எல்லாம் கரெக்ட்டா இருக்கு, ஆனா லெஃப்ட்ல போகுது

முதலிலேயே ஒரு உண்மையைச் சொல்லிடறேன். "ஆர்என்பி ஏஆர் அப்ரோச்" என்று மேடம் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தபோது, ஏஆர் என்றால் ஆக்மென்டட் ரியாலிட்டி என்றுதான் நினைத்தேன். பைலட் ஒரு கண்ணாடி மாட்டிக்கொண்டு ஓடுபாதையைப் பச்சைக் கோட்டில் பார்ப்பார் போல. செமினாருக்குச் செம டாபிக், பிபிடி-யில் நாலு படம் போட்டாலே பதினைந்து நிமிஷம் ஓடிடும் என்று சந்தோஷப்பட்டேன்.

இல்லைங்க. ஏஆர் என்றால் ஆத்தரைசேஷன் ரெக்வயர்டு. அதாவது, தனியாக அனுமதி வாங்கியவர்கள் மட்டும்தான் இப்படி இறங்கலாம். முன்னால் இருக்கும் ஆர்என்பி, ரெக்வயர்டு நேவிகேஷன் பெர்ஃபார்மன்ஸ். செயற்கைக்கோளை நம்பி, மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடுபாதைக்கு வரும் ஒரு முறை. விமானம் ஓட்ட லைசென்ஸ் இருந்தால் மட்டும் போதாது.

இந்த டாபிக்கை நானாக எடுக்கவில்லை. தண்டனையாக வந்தது. தண்டனை என்று அப்போது நினைத்தேன். அது ஏன் வந்தது என்று சொல்லாமல் விமானக் கதையை மட்டும் உங்களிடம் சொன்னால் அது பாதிப் பொய். அதனால் முதலில் எங்கள் ட்ரோன் கதை.

நாங்கள் நாலு பேர் டீம். ப்ராஜெக்ட், ஜிபிஎஸ் வைத்து மருந்துப் பெட்டி கொண்டுபோகும் குவாட்காப்டர். கிரவுண்டின் ஒரு மூலையில் கிளம்பி, 60 மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு பிளைவுட் பலகையில் யாரும் ஸ்டிக்கைத் தொடாமல் இறங்க வேண்டும். பலகை இருக்கும் இடத்தை அரைமணி நேரம் ஜிபிஎஸ்ஸில் அளந்து, சராசரி எடுத்து, கோஆர்டினேட்டை ஏற்றி வைத்திருந்தோம். ரிவ்யூவுக்கு நாலு நாள் முன்னால், வியாழக்கிழமை சாயந்தரம், எம்சாண்ட் லாரி உள்ளே வர வழி வேணும்னு சொன்னாங்க. பலகையை வலப்பக்கம் மூன்று மீட்டர் போலத் தள்ளி வைத்தேன். நான்தான் வைத்தேன். லாரி போன பிறகு அதைப் பழைய இடத்துக்கு நகர்த்தவும் இல்லை, புது இடத்தை அளக்கவும் இல்லை.

சனிக்கிழமை டெஸ்ட். ஐந்து தடவை பறந்தது. ஐந்து தடவையும் பலகைக்கு இடப்பக்கம் இறங்கியது. "ஜிபிஎஸ் எர்ரர்டா, ரெண்டு மூணு மீட்டர் வரத்தான் செய்யும்" என்றேன். அன்று ராத்திரி 11 மணிக்கு டீமில் இருக்கும் நண்பன் ஒருவன் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினான். டீமிலேயே குறைவாகப் பேசுபவன்.

"மச்சான், ஜிபிஎஸ் எர்ரர்னா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் போகணும்ல. லாக் பார்த்தேன், சேட்டிலைட் கவுன்ட், அக்யூரசி எல்லாம் கரெக்ட்டா இருக்கு. ஆனா அஞ்சு தடவையும் லெஃப்ட்லயே போகுது."

படித்த உடனே எனக்குப் பலகை ஞாபகம் வந்துவிட்டது. ஆனா ஞாயிற்றுக்கிழமை போய் மறுபடி அளக்கணும், பேட்டரி சார்ஜ் போடணும், ஹாஸ்டலில் அவுட்பாஸ் வாங்கணும். கடைசி நொடியில் ஸ்டிக்கை லேசாக வலது பக்கம் தட்டினால் யாருக்குத் தெரியப் போகுது? மெசேஜுக்கு ஒரு கட்டை விரல் போட்டுவிட்டுத் தூங்கிட்டேன்.

திங்கட்கிழமை ரிவ்யூ. லேசான தூறல். ஹெச்ஓடி, எங்கள் கைடு மேடம், வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர். லேப்டாப் நனையக்கூடாது என்று லேப் அண்ணா குடை பிடித்துக்கொண்டு பலகைக்கு இடப்பக்கம் நின்றார். முதல் தடவை ட்ரோன் இறங்கும்போது கோணல் தெரிந்தது, மேலே ஏற்றிவிட்டேன். அதுவரைக்கும் சரி. எக்ஸாமினர் வாட்சைப் பார்த்தார். "ஒன் மோர் டைம் சார்" என்றேன். இரண்டாவது தடவையும் அதே கோணல். இரண்டு மீட்டருக்குக் கீழே வந்தும் பலகைக்கு மேல் இல்லையென்றால் ஏற்றிவிட வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. நான் ஏற்றவில்லை. தட்டிவிடலாம், வந்துடும், வந்துடும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அது லேப்டாப் டேபிளை நோக்கி வந்தது. அண்ணா இடது கையை நீட்டித் தடுத்தார். ப்ரொப்பெல்லர் உள்ளங்கையைக் கிழித்தது. நாலு தையல்.

"என்னப்பா ஆச்சு?" என்று கேட்டார்கள்.

"திடீர்னு காத்து அடிச்சிடுச்சு சார்."

நண்பன் என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

என்ன நடந்தது என்று எழுதித் தரச் சொன்னார் மேடம். அரைப் பக்கம் எழுதினேன், அதில் காற்று மூன்று தடவை வந்தது. படித்துவிட்டுத் திட்டவில்லை. "உன் செமினார் டாபிக்கை மாத்திக்கோ. காத்மாண்டுல 2015-ல நடந்த விபத்தோட ரிப்போர்ட்டைப் படி. படிச்சிட்டு இந்த அரைப் பக்கத்தை நீயே திருத்து" என்று அந்தத் துண்டுத் தாளைக் கொடுத்தார்.

சரி, இப்போ காத்மாண்டுக்கு வாங்க.

அந்த விமான நிலையம் ஒரு கிண்ணத்துக்குள் இருப்பது மாதிரி. சுற்றிலும் மலை. பெரிய விமான நிலையங்களில் ஐஎல்எஸ் என்று ஒன்று உண்டு. ஓடுபாதைப் பக்கத்திலிருந்து ரேடியோ அலை நேர்க்கோட்டில் வரும், விமானம் அதைப் பிடித்துக்கொண்டு சறுக்குமரத்தில் வருவது போல இறங்கும். அதற்கு வெகுதூரம் நேராக, தடையில்லாத பாதை வேண்டும். மலை குறுக்கே நின்றால் கஷ்டம். அதனால் காத்மாண்டில் தெற்கிலிருந்து வருபவர்கள் படிக்கட்டு மாதிரி இறங்கினார்கள். இத்தனை மைல் தூரத்தில் இந்த உயரம், அடுத்த மைல்கல்லில் அடுத்த உயரம். படியை எண்ணுவது மனிதர்களின் வேலை. 1992 ஜூலை 31 அன்று தாய் ஏர்வேஸ் விமானம் மலையில் மோதி 113 பேர் இறந்தார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 28 அன்று பாகிஸ்தான் இன்டர்நேஷனல் விமானம் மோதி 167 பேர். இரண்டாவது விபத்தில் விமானம் சார்ட்டில் இருந்ததைவிட ஒரு படி முன்கூட்டியே இறங்கிக்கொண்டு வந்திருக்கிறது. விமானத்தில் கோளாறு இல்லை. படிக்கணக்கு தப்பிப்போனது.

இதற்குத் தீர்வு அமெரிக்காவின் அலாஸ்காவில் பிறந்தது. அங்கே ஜூனோ என்று ஒரு ஊர். மாநிலத் தலைநகரம், ஆனால் வெளியூருக்கு ரோடே கிடையாது. கப்பல் அல்லது விமானம்தான். விமான நிலையத்தை ஒட்டி இரண்டு பக்கமும் மலை, நடுவே கேஸ்டினோ கால்வாய் என்ற குறுகலான கடல்வழி. மேகம் இறங்கினால் விமானம் இறங்க முடியாது. 1996-ல் அலாஸ்கா ஏர்லைன்ஸ் அங்கே முதன்முதலாக ஆர்என்பி முறையில் இறங்கியது. ஐடியா இதுதான்: தரையிலிருந்து வரும் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகாமல், தான் எங்கே இருக்கிறோம் என்பதை விமானமே கணக்குப் போட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு வளைந்த குழாய்க்குள் போவது.

நம்ம போன் மேப்கூட இதைத்தானே செய்யுது என்று கேட்பீங்க. நானும் கேட்டேன். வித்தியாசம் இருக்கு. போன் "நீ இங்கே இருக்கே" என்று சொல்லும், தப்பாக இருந்தாலும் அதே தைரியத்தோடு சொல்லும். ஆர்என்பி விமானம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். நான் இங்கே இருக்கிறேன். அதை இவ்வளவு தூரத்துக்குள் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். அந்த உறுதி போய்விட்டால் அதுவே கத்தும். போயிங் விமானங்களில் "அனேபிள் ஆர்என்பி" என்று எழுத்து வரும். என்னால முடியலப்பா என்று ஒரு இயந்திரம் தானாக ஒப்புக்கொள்வது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஆர்என்பிக்குப் பின்னால் வரும் எண்தான் அந்த எல்லை. ஆர்என்பி 0.3 என்றால் 0.3 கடல் மைல், அதாவது சுமார் 556 மீட்டர். பறக்கும் நேரத்தில் 95 சதவீதம் அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். ஏஆர் முறையில் இது 0.1 வரைக்கும் போகலாம், சுமார் 185 மீட்டர். மலைக்கும் பாதைக்கும் நடுவே விடும் இடம் அந்த எண்ணைப் போல இரண்டு மடங்கு. மற்ற முறைகளில் அதற்கு வெளியேயும் கொஞ்சம் கூடுதல் இடம் விடுவார்கள். இங்கே அது கிடையாது. குழாய் முடியும் இடத்தில் மலை ஆரம்பிக்கலாம். அதனால்தான் அனுமதி வேண்டும் என்கிறார்கள்.

அனுமதி ஒரு ஆளுக்கு மட்டும் இல்லை. விமானம், நிறுவனம், பைலட்டுகள் மூன்றும் தேற வேண்டும். குறுகலான பாதையில் ஒரு கருவி செத்தாலும் இன்னொன்று கையில் இருக்க வேண்டும், அதனால் எல்லாம் இரண்டு செட். பைலட்டுகள் சிமுலேட்டரில் வளைவின் நடுவே இன்ஜின் போவதையும் ஜிபிஎஸ் போவதையும் பழகியிருக்க வேண்டும். கிளம்பும் முன், அங்கே போய்ச் சேரும் நேரத்தில் போதுமான செயற்கைக்கோள்கள் இருக்குமா என்று பார்க்க வேண்டும். வெப்பநிலைக்கும் எல்லை உண்டு. விமானம் உயரத்தைக் காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிடுவதால், ரொம்பக் குளிர்ந்த நாளில் மீட்டர் காட்டுவதைவிட விமானம் தாழ்வாக இருக்கும். இது போக, பாதைத் தகவல் இருக்கும் டேட்டாபேஸ் 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு தடவையும் அது சரிதானா என்று நிறுவனம் சரிபார்க்க வேண்டும்.

கடைசியாக டிசிஷன் ஆல்டிட்யூட். இது ஒரு உயரம். தரையில் உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டு, நிதானமாக முடிவு செய்யப்பட்ட எண். அந்த உயரத்துக்கு வந்தும் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் மேலே ஏற வேண்டும். அதுவரைக்கும் எல்லாக் கருவியும் சரியாக இருந்தாலும் ஏற வேண்டும். இன்னும் கொஞ்சம் பார்ப்போமே என்பதற்கு இடமே இல்லை.

இப்போ 2015 மார்ச் 4. இஸ்தான்புல்லில் இருந்து வந்த டர்கிஷ் ஏர்லைன்ஸ் ஏ330, விமான எண் 726. பயணிகளும் ஊழியர்களுமாக 235 பேர். காலையில் காத்மாண்டில் பனிமூட்டம். தெற்கிலிருந்து ஆர்என்பி ஏஆர் முறையில் வந்தார்கள். முதல் தடவை ஓடுபாதை தெரியவில்லை, மேலே ஏறிவிட்டார்கள். அதுவரைக்கும் சரி. இரண்டாவது தடவை வந்தார்கள். அந்த எண்ணைத் தாண்டியும் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். சக்கரம் தரையைத் தொட்டபோது விமானம் ஓடுபாதையின் நடுவில் இல்லை. இடது சக்கரங்கள் ஓடுபாதைக்கு வெளியே புல்லில். முன் சக்கரம் ஒடிந்து மூக்கு தரையில் உரசியது. சறுக்குப் பலூன்களில் எல்லோரும் இறங்கினார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை. அப்போது நாட்டின் ஒரே சர்வதேச விமான நிலையம் அதுதான், அதற்கு ஒரே ஓடுபாதை. விமானத்தை அகற்றும்வரை நாலு நாள் போல மூடிக் கிடந்தது. அந்த விமானம் பிறகு பறக்கவே இல்லை.

ஏன் இடது பக்கம் போனது? நேபாள அரசு அமைத்த விசாரணை ஆணையத்தின் ரிப்போர்ட்டில் இருக்கிறது. டேட்டாபேஸில் ஏற்றியிருந்த ஓடுபாதை முனையின் கோஆர்டினேட்டும் தரையில் இருக்கும் உண்மையான முனையும் ஒன்றாக இல்லை. இடது பக்கம் சுமார் 26 மீட்டர் வித்தியாசம். ஓடுபாதையின் அகலமே ஏறத்தாழ 45 மீட்டர்தான். விமானம் தன் வேலையைத் துல்லியமாகச் செய்தது. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள்களைக் கேட்டு, குழாயின் நடுவில் அழகாக வந்து, சொல்லிக் கொடுத்த இடத்துக்குப் போனது. சொல்லிக் கொடுத்த இடம்தான் தப்பு. அது இயந்திரத்துக்குத் தெரியாது. அதை அங்கே நிற்கும் கண்தான் பார்க்க முடியும். அதற்காகத்தான் அந்த எண்.

இதுவரைக்கும் படித்தபோது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது, அவ்வளவுதான். அடுத்த பக்கத்தில்தான் லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன்.

இந்த முறையில் இறங்கும் நிறுவனங்கள் ஒவ்வொரு தடவையும் எப்படி இருந்தது என்று கண்காணிக்க வேண்டும். அதற்கு ஒரு படிவம் உண்டு. விபத்துக்கு இரண்டு நாள் முன்னால், மார்ச் 2 அன்று, அதே நிறுவனத்தின் காத்மாண்டு விமானக் குழு அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறது. அதன் சாரம் இதுதான்: கடைசி உயரத்தில் நேவிகேஷன் துல்லியம், விலகல் எல்லாமே சரியாக இருந்தன, ஆனால் விமானம் உண்மையில் உயரமாகவும் இடது பக்கம் விலகியும் இருந்தது.

எல்லாம் கரெக்ட்டா இருக்கு, ஆனா லெஃப்ட்ல போகுது.

யாரோ ஒருவர் பார்த்திருக்கிறார். எழுதியும் கொடுத்திருக்கிறார். அந்தப் படிவம் இரண்டு நாளில் யார் யார் மேஜைக்குப் போனது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அங்கே யாராவது கட்டை விரல் போட்டார்களா என்று எனக்குச் சொல்ல உரிமை இல்லை. இங்கே போட்டது யார் என்று எனக்குத் தெரியும்.

ரிப்போர்ட்டின் முடிவு என்ன தெரியுமா? தப்பான கோஆர்டினேட்தான் காரணம் என்று முடித்திருப்பார்கள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் முடித்திருப்பேன், யாருக்கும் வலிக்காது. இல்லை. ஓடுபாதை சரியாகத் தெரியாமலேயே எல்லை உயரத்துக்குக் கீழே தொடர்ந்ததும், மேலே ஏறாததும்தான் முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். எப்படியாவது காத்மாண்டில் இறங்கிவிட வேண்டும் என்று மனசு ஒட்டிக்கொண்டதையும் பனிமூட்டத்தையும் துணைக் காரணங்களாகச் சொல்கிறார்கள். தப்பான தகவல் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம். அதைப் பிடிப்பதற்காக வைத்த கடைசிக் கதவைத் திறந்து வைத்ததுதான் விபத்து. ரிப்போர்ட்டில் யாரையும் திட்டும் வார்த்தை எனக்குக் கண்ணில் படவில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும் நிமிஷக் கணக்கில் எழுதியிருந்தார்கள். அதுதான் என்னை அதிகமாகச் சுட்டது.

அன்று ராத்திரி அரைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டு பக்கம் எழுதினேன். பலகையை யார் நகர்த்தியது, மெசேஜ் எத்தனை மணிக்கு வந்தது, நான் என்ன பதில் போட்டேன், இரண்டு மீட்டரில் என் விரல் எங்கே இருந்தது. காற்று என்ற வார்த்தை அதில் இல்லை. மேடம் படித்தார். "ஹெச்ஓடிக்கு நீயே கொண்டு போ" என்றார். போனேன். ரிவ்யூ மார்க்கை ரத்து செய்தார்கள், டெமோ மறுபடி செய்யச் சொன்னார்கள். என்னால் மற்ற மூன்று பேருக்கும் அந்த மார்க் போனது. அதில் இரண்டு பேர் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அது நியாயம்தான்.

அந்த நண்பனிடம் ஸாரி சொன்னேன். "நானும் அன்னிக்கு வாயைத் திறந்திருக்கணும் மச்சான்" என்றான். அவன் சொன்னது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

லேப் அண்ணாவைப் பார்க்கத்தான் ரொம்ப பயம். தையல் பிரித்திருந்தார்கள், உள்ளங்கையில் ஒரு ரோஸ் கலர்க் கோடு. காத்து எதுவும் அடிக்கலண்ணா, நான் பொய் சொன்னேன் என்றேன்.

"அப்பவே தெரியும் தம்பி" என்றார். "குடை என் கையிலதான இருந்துச்சு."

மறு டெமோவில் நண்பன் பலகையை அளந்தான். பத்து மீட்டருக்குள் யாரையும் நிற்க விடவில்லை. ரிமோட்டில் ஒரு பேப்பர் டேப் ஒட்டி "2 மீ" என்று முதல் நாள் ராத்திரியே எழுதி வைத்திருந்தேன். முதல் தடவை லேசாக விலகி வந்தது, ஏற்றினேன். இரண்டாவது தடவையும் விலகியது, ஏற்றினேன். எக்ஸாமினர் வாட்சைப் பார்த்தார். மூன்றாவது தடவை பலகையின் ஓரத்தில் இறங்கியது. மார்க் சுமார்தான்.

செமினாரில் ஒரு ஜூனியர் கேட்டான்: "இவ்ளோ டெக்னாலஜி இருந்தும் எதுக்கு அண்ணா தனி பெர்மிஷன்?" இயந்திரம் தான் எங்கே இருக்கிறோம் என்பதைச் சொல்லும், போற இடம் சரியா என்பதைச் சொல்லாது, அதைப் பார்த்து, சரியில்லைன்னா எல்லார் முன்னாடியும் மேலே ஏறுகிற ஆளுக்குத்தான் அந்த பெர்மிஷன் என்றேன். எனக்கு இன்னும் அது கிடைக்கவில்லை என்பதையும் சொன்னேன்.

நீங்களும் இப்போ ப்ராஜெக்ட், டெமோ என்று ஓடிக்கொண்டு இருப்பீங்க. எந்த இடத்தில் நிறுத்துவீங்க என்ற உங்கள் எண்ணை, டெமோவுக்கு முதல் நாளே ஒரு இடத்தில் எழுதி வையுங்க. அப்புறம், உங்கள் டீம் குரூப்பில் கொஞ்சம் மேலே ஸ்க்ரோல் செய்து பாருங்க. கட்டை விரல் மட்டும் போட்டுவிட்டு விட்ட மெசேஜ் ஒன்று இருக்கும். அதை இன்னொரு தடவை படிங்க.